நூறுக்குக் கீழே உள்ள பாடங்கள்

இல்ல தம்பி, தூங்கல. ஒரு சத்தம் ஞாபகம் வந்திருச்சு, அதான் அப்படியே நின்னுட்டேன். நீங்க மேசையில விரலால தட்டுனீங்கல்ல, டக்கு, டக்குடக்கு, டக்குன்னு. ரொம்ப வருஷம் முந்தி இதே தாளத்துல ஒருத்தர் தட்டுவாரு. விரலால இல்ல, மோதிரத்தால. மேசை மேல கண்ணாடி போட்டிருக்கும், அதுல அந்த மோதிரம் பட்டா பல்லு கூசும். பரவால்ல, நீங்க தட்டுங்க. அவசரத்துல இருக்கறவங்க தட்டத்தான செய்வாங்க.

உக்காருங்க முதல்ல. தொப்பியை அந்த நாற்காலியில வைங்க. மேடம்லாம் எதுக்கு, எல்லாருக்கும் நான் மிஸ் வெர்டிதான்.

பாத்துட்டேன், உங்க மார்க் ஷீட் எல்லாம் பாத்துட்டேன். இங்கிலீஷ் இருக்கு, வரலாறு இருக்கு, மேடைப்பேச்சு இருக்கு, போலீஸ் பாடம் மூட்டை மூட்டையா இருக்கு. கணக்குதான் இடிக்குது. நீங்க எடுத்தது தொண்ணூத்திரெண்டாம் நம்பர் கணக்கு. நம்பர் நூறுக்குக் கீழ இருந்தா டிகிரியில சேராது தம்பி. உக்காந்து படிச்சிருப்பீங்க, பாசும் பண்ணியிருக்கீங்க, மார்க்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா டிகிரிக்குன்னு கூட்டும்போது அது இல்லாத மாதிரிதான்.

யாரு எடுக்கச் சொன்னது? அப்பாவா? கணக்குன்னா எல்லாம் கணக்குதான்னு சொன்னாராக்கும். ம். அப்பா சொன்னா நம்பத்தான செய்வோம்.

பதறாதீங்க. வழி இருக்கு. டீன் வரட்டும், பேசிப்போம். அஞ்சு மணிக்குத்தான மூடுறோம். தெரியும், இன்னிக்குள்ள டிகிரி பதிவாகலேன்னா சார்ஜென்ட் பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு வராது, அதத்தான வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்க. அடுத்த பட்டியல் எப்ப போடுவாங்க? அடேயப்பா, அவ்வளவு வருஷமா? அதுவரைக்கும் ராத்திரி ரோந்துதானா? வீட்ல யாரு இருக்கா? மக மட்டுமா. பக்கத்து வீட்ல தூங்குதா, ஐயோ பாவம். பேரு என்ன? டெல்ஃபினா? அழகான பேரு.

இந்தாங்க, கேக் சாப்பிடுங்க. எனக்கு இன்னிக்குக் கடைசி நாள், அதுக்கு வாங்குனது. கேரமல் கேக். ஆமா, நாளையிலேர்ந்து வீட்லதான். முள்கரண்டி அங்க டப்பாவுல இருக்கு பாருங்க. மத்தியானமே பாதிக் கேக்கைக் கணக்கு வாத்தியாருங்க தின்னு தீத்துட்டாங்க. டீ வேணுமா? சக்கரை அள்ளிப் போட்டதுதான் இருக்கு, எங்களுக்கு வேற மாதிரி போடத் தெரியாது.

மோதிரக்காரரா? அவரா, அவரு இந்தக் காலேஜில ஆலோசகரா இருந்தாரு. யாரு என்ன படிக்கணும்னு சொல்றது அவரு வேலை. எங்கக்கா எர்லீன் நர்சாகணும்னு வந்தா. ரெண்டு வருஷ டிகிரி முடிச்சா நர்சு, அப்பவும் அப்படித்தான். நான் கூட வந்தேன், அவ கைப்பையைப் புடிச்சுக்கிட்டு அந்த அறைக்குள்ளயே உக்காந்திருந்தேன். எர்லீன் அன்னிக்கு சர்ச்சுக்குப் போற உடுப்பைப் போட்டுக்கிட்டு வந்திருந்தா. மஞ்சள்ல, வெள்ளைக் காலர் வச்சது.

அவரு அவளை ஏற இறங்கப் பாத்தாரு. டக்கு, டக்குடக்கு. உன்ன மாதிரிப் பொண்ணுங்களுக்கு டிகிரியெல்லாம் சிரமம்மா, ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கு சர்டிபிகேட் படிப்பு இருக்கு, அத எடு, சீக்கிரமா வேலை கெடைக்கும்னாரு. உன்ன மாதிரின்னா என்ன மாதிரின்னு அவ கேக்கல. எங்க கறுப்புத் தோலு எங்களுக்குத் தெரியாதா தம்பி. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டா. இத முடிச்சப்புறம் நர்சு டிகிரிக்குப் போனா, இந்தப் பாடமெல்லாம் சேருமா சார்னு கேட்டா. அத்தனையும் சேரும்மா, என் வாக்குன்னாரு. என் காதால கேட்டேன். வாக்குன்னு சொன்னாரு.

ரெண்டு வருஷம் படிச்சா. பகல்ல லாண்டரியில வேலை, சாயங்காலம் இங்க கிளாஸ். உடம்புல எத்தனை எலும்புன்னு என்னையும் மனப்பாடம் பண்ண வச்சா. சமையல்கட்டுல நின்னுக்கிட்டு என் தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொண்ணாப் பேரு சொல்லுவா. நான் கூச்சத்துல நெளிவேன்.

சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு நர்சு டிகிரி கேட்டு வந்தா, ஒண்ணுகூடச் சேரல. எல்லாம் நூறுக்குக் கீழ. அவருகிட்டயே போனா. நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா, நீ ஆசையில தப்பாக் கேட்டிருப்பன்னாரு. சொல்லிட்டு ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டுனாரு தம்பி. மிட்டாய்! அவ வாங்கிக்கிட்டா. வாங்கிக்கிட்டு, தேங்க் யூ சார்னும் சொன்னா. என்னால இன்னிக்கும் தாங்க முடியாதது அதுதான். படிப்புப் போனதுகூட இல்ல, அந்தத் தேங்க் யூ.

நல்ல கேள்வி. மறுபடி முதல்லேர்ந்து படிச்சிருக்கலாம்தான். அதுக்குள்ள அம்மா படுத்துட்டாங்க. ஆயா வேலை குடுக்குறேன்ன ஆஸ்பத்திரியும் பூட்டிட்டாங்க. கெளுத்தி மீன் ஆலைதான் இருந்துச்சு, போயிட்டா.

நானா? நான் படிச்சேன். எல்லாம் நூறுக்கு மேல. டிகிரி பதியற இந்த ஜன்னலுக்குப் பின்னாடி வந்து உக்காரணும்னே படிச்சேன். உக்காந்த நாள்லேர்ந்து யாரு வந்தாலும் முதல்ல நம்பரைப் பாரு, நம்பரைப் பாருன்னு சொல்லித்தான் அனுப்புவேன். நூறுக்குக் கீழ எடுத்துட்டு அழுதுக்கிட்டு வர்ற புள்ளைங்களுக்கு எப்படியாவது ஒரு வழி பண்ணிக் குடுத்துருவேன். ஒருத்தரையும் விட்டதில்ல. பிள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் கூப்பிடும்.

இன்னொரு துண்டு? போதுமா? நீங்க நல்ல மாதிரியாத் தெரியுது தம்பி. பொறுமையாக் கேக்குறீங்க. யாரையாவது வண்டியை நிறுத்தினாக்கூட மரியாதையாத்தான் பேசுவீங்கன்னு தோணுது. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் முரடனா வந்திருக்கக் கூடாதா நீங்க.

என்ன? ஆமா, அஞ்சு ஆயிடுச்சு. கம்ப்யூட்டர்ல இந்த விளக்கு மாறிடுச்சுன்னா அவ்வளவுதான், அது தானாப் பூட்டிக்கும். இனிமே டீனே வந்தாலும் தொறக்காது. அடுத்த செமஸ்டர்தான்.

டீனா? டீன் இன்னிக்கு வரவே இல்லியே. பேரனோட பேஸ்பால் ஆட்டம் பாக்க மெம்ஃபிஸ் போயிருக்காங்க. இதுக்கு டீனெல்லாம் தேவையில்ல தம்பி. போலீஸ் பயிற்சியில நீங்க டயர்த் தடத்தை அளந்து வண்டி வேகத்தைக் கண்டுபிடிக்கிற பாடம் படிச்சிருக்கீங்கல்ல, அத அந்தக் கணக்குக்குப் பதிலா எடுத்துக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து. என் கையெழுத்துதான். நீங்க உள்ள நுழைஞ்சப்பவே போட்டிருக்கலாம்.

கத்தாதீங்க. நாற்காலியைத் தள்ளாதீங்க, அது காலேஜ் சொத்து. புகார் குடுக்கணும்னா தாராளமாக் குடுங்க. நாளைக்கு இந்த ஜன்னல்ல வேற பொண்ணு இருப்பா, நல்ல பொண்ணு, அவகிட்டயே எழுதிக் குடுங்க.

உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போயி அப்பாகிட்டச் சொல்லுங்க. அந்த மோதிரக்காரரு ட்ரூயட் ஹார்கிஸ்தான உங்கப்பா? உள்ள வந்து உங்க பேரைச் சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிருச்சு. சொல்லலேன்னாலும் தட்டுறதுலயே கண்டுபிடிச்சிருப்பேன். இன்னும் திடமா நடமாடுறாருல்ல? நல்லது. காது கேக்குதுல்ல? ரொம்ப நல்லது. அப்ப ஒருத்தரு சொன்னத நம்பி வந்து வெறுங்கையோட திரும்புனா எப்படி இருக்கும்னு அவருக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, நீ தப்பாக் கேட்டிருப்பம்பாரு.

எந்த எர்லீன்னு கேப்பாரு. கேக்கட்டும். எர்லீன் டாகின்ஸ்னு சொல்லுங்க. மீன் ஆலையில முள்ளெடுக்குற வரிசையில நின்னா. கடைசி வருஷங்கள்ல ரெண்டு கையும் மடங்கல, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். போன மார்ச்சுல செத்துப்போனா.