கடைவாசல் பலகை

“இஞ்சேருங்கோ, கடைக் கண்ணாடியளை மறைச்சுப் பலகை அடிச்சது உங்கட மகளுக்குப் பயந்தோ?”

லண்டனில் கோலியர்ஸ் வுட் நோக்கிச் சென்ற மாலை ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெண் தம் கணவரிடம் இவ்வாறு கேட்டார். மறுநாள் கரீபியன் மக்களின் ஆட்டபாட்டத் தெருவிழாவான கார்னிவல். ஊர்வலம் செல்லும் தெருவில்தான் அவர்களுடைய கடை. கணவரின் சட்டையில் மரத்தூள் படிந்திருந்தது.

“தெருவிலை எல்லாக் கடைக்காரரும்தான் அடிச்சவை. கண்ணாடி உடைஞ்சா ஆர் மாத்தித் தாறது?”

“பிள்ளை இறகு உடுப்போட அந்தத் தெருவாலைதான் ஆடி வாறாள். ‘இது எங்கட அப்பான்ர கடை’ எண்டு கூட ஆடுற பிள்ளையளுக்குக் காட்டப்போறாளாம். நல்லாக் காட்டட்டும், பலகையை.”

“நான் களைச்சுப்போனன். விடும்.”

“எங்கட கோயில் தேர் வரேக்குள்ள ஒருத்தன் கடை ஷட்டரை இழுத்து மூடினதுக்கு, ‘நாங்கள் என்ன கள்ளரோ’ எண்டு எவ்வளவு நாள் புறுபுறுத்தனீங்கள்?”

அவர் கண்களை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்றே எண்ணினேன். அவர்கள் இறங்கவேண்டிய நிலையம் நெருங்கியபோது, கண்களைத் திறவாமலே கேட்டார்:

“தேருக்குச் சர்பத்து கரைச்ச பெரிய வாளியை எங்கை வச்சனீர்?”

“கராஜிலை. ஏன்?”

“வாசல் பலகையை மட்டும் காலமை கழட்டுறன். ஆடி வாறவளுக்குத் தண்ணி விடாய்க்கும்.”

“அவளுக்கு மட்டுமோ?”

“வாளி பெரிசுதானே,” என்று பெருமூச்சு விட்டபடி எழுந்தார்.