பச்சை விளக்குக்குத் தெரிந்தது

சொட்டு மருந்து போடுவதில் எனக்கு நல்ல கை. உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸே சொல்லியிருக்கிறார். கீழ் இமையை லேசாக இழுத்து, குப்பியின் முனை எங்கும் படாமல், ஒரே ஒரு சொட்டு. கன்னத்தில் வழியாது. என் மனைவிக்குத் தானே போட்டுக்கொள்ள வராது. எதிரே லாரி வந்தாலும் இமைக்காதவள், குப்பியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆகவே பதினான்கு மாதமாகக் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நான்தான் போடுகிறேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. உங்கள் கணினியிலேயே அது இருக்கிறது.

சொட்டை எண்ணும் இந்தக் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் நீங்கள். சற்றுமுன் உறையைக் கழற்றி, உள்ளே இருந்த குப்பியின் பெயரைப் படித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினீர்கள். வெளியே பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு நன்றி. நானும் மெதுவாகவே பேசுகிறேன்.

அந்த வெள்ளை உறையை நீங்கள் கொடுத்த அன்றே அதன் புத்தி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குப்பியை உள்ளே செருகிச் சாய்த்து அழுத்தினால் எண்ணிக்கொள்ளும், பச்சை விளக்கு மினுங்கும், உங்களுக்குச் செய்தி போகும். நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். கதவு மூடியிருக்கிறதா என்று லிஃப்டுக்குத் தெரியாது. கதவோரத்து சுவிட்ச் அழுந்தியிருக்கிறதா என்றுதான் தெரியும். அந்த சுவிட்சில் அட்டைத் துண்டைச் செருகிவிட்டுத் திறந்த கதவோடு லிஃப்டை ஓட்டியவர்களைப் பிடித்திருக்கிறேன். என் அறிக்கையால் இரண்டு பேருக்கு வேலை போயிற்று. ஆள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அவர்களை நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் உறையும் அப்படித்தான். சொட்டு விழுந்தது என்று அதற்குத் தெரியும். எந்தச் சொட்டு என்று தெரியாது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதுக்கு மேல் கார் ஓட்டக் கற்று, ஐம்பதில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை ஆனவள். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. காலையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனால், இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். வந்ததும் அன்றைக்கு யார் எந்தச் சுவரில் மோதப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மருந்து போட்டால் பார்வை நிற்கும், போடாவிட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று டாக்டரம்மா விளக்கினார். எல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் அவள் காரின் இடது கதவில் நீளக் கீறலோடு வந்தாள். கம்பத்தைப் பார்க்கவில்லையாம்.

"போதும், விட்டுடு" என்றேன்.

"டாக்டர் சொல்லட்டும். அன்னைக்கே சாவியைக் குடுத்துடறேன்" என்றாள்.

டாக்டரம்மாவோ, மருந்து ஒழுங்காகப் போனால் இன்னும் பத்து வருடம் தாராளமாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வர வேண்டுமானால் ஒரே ஒரு பரிசோதனை மோசமாக வர வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஒரு மாதம். கண் வறண்டால் போடுகிற சாதாரணச் சொட்டு அதே அளவுக் குப்பியில் கடையில் கிடைக்கிறது. உறைக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. நிஜ மருந்தை நான் கொட்டவில்லை. மாதாமாதம் வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் வைத்தேன். கொட்டியிருந்தால் அது வேறு மாதிரி ஆள் செய்கிற காரியம் என்று எனக்குப் பட்டது.

நாலாவது நாள் அவள் சொன்னாள்: "இப்பல்லாம் எரியறதே இல்லைங்க. உங்க கை பழகிடுச்சு."

அன்று மாலையும் அதே சொட்டைத்தான் போட்டேன்.

ஒரு மாதத்தில் அழுத்தம் ஏறியிருந்தது. ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் கணினிப் பட்டியல் முழுக்கப் பச்சையாக இருந்ததால், இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். "இவ்வளவு ஒழுங்கா போடற வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை" என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். அவள் பெருமையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஐந்தாவது மாதம் ஓரப் பார்வை குறைந்துவிட்டது, இனி ஓட்ட வேண்டாம் என்றார்கள். சொன்ன சொல் தவறாமல் அவள் சாவியை என் கையில் வைத்தாள். குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கே நான் நிஜ மருந்துக்கு மாறியிருக்க வேண்டும். நாளைக்கு மாற்றலாம் என்று இருந்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். அதற்குள் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். செய்தித்தாளை நான் படிக்க, அவள் கேட்டாள். படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்ததே கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. அவள் தூங்கிய பிறகு அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, நான் பாவி, பாவி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். விடிந்ததும் ஏழு மணிக்குச் சாதாரணச் சொட்டையே போடுவேன்.

பத்தாவது மாதம் வலது கண் முழுதாகப் போனது.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதினோராவது மாதம் மட்டும் இடது கண்ணில் அழுத்தம் எப்படி இறங்கியது, பட்டியலில் எந்த வித்தியாசமும் இல்லையே என்றீர்கள். வலது கண் போனது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு டப்பாவைத் திறந்து நிஜ மருந்தை உறைக்குள் மாற்றினேன். அவளுக்கு எரிந்தது. முகத்தைச் சுளித்தாள். நான் அழுதேன். தனக்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்த மாதம் முழுவதும் ஒழுங்காக மருந்து போட்டேன். இடது கண்ணையாவது காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கும் தெம்பு வந்தது.

மாதக் கடைசியில் பயிற்சிப் பள்ளி முதலாளி வீட்டுக்கு வந்தார். "அக்கா, வண்டிப் பக்கமே வர வேணாம். வகுப்புல உக்காந்து சாலை விதியெல்லாம் சொல்லிக் குடுங்க, போதும். நீங்க இல்லாம பசங்க எங்க பேச்சைக் கேக்கவே மாட்டேங்கறாங்க" என்றார்.

"ஒரு கண்ணு போதுமே அதுக்கு" என்றாள் அவள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தாள். அவர் போனதும் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூவைத் தடவி எடுத்து, துடைத்து, வாசலில் ஜோடியாக வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பதுக்குப் போனால் ஐந்து மணிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு முன்னால் நான் குப்பியை மறுபடியும் மாற்றினேன். நாளைக்கு அந்த இடது கண்ணுக்குத்தான் டாக்டரம்மா ஆபரேஷன் செய்யப் போகிறார். அவளுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை. வகுப்பறையில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்கள். பயிற்சிப் பள்ளி எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு சாலை இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.