ஒரு மணி குறைந்த ஜெபமாலை

எனக்கு மிஷின் எதிலும் நம்பிக்கை கிடையாது. மலாயாத் தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்ட தராசு யார் பக்கம் சாய்ந்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஈப்போவில் டாக்டர் கார்த்திகேசு வைத்திருந்த கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அகதாவின் தம்பி சூசைநாதன் யூனியன்காரன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லார் முன்னாலும் என்னைத் தோட்டத் துரையின் நாய் என்றான். அன்று சாயங்காலம் அவன் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைக்கூடத்துக்குள் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வெளியே கொண்டியைப் போட்டேன். கொஞ்சம் இருமட்டும் என்றுதான் போட்டேன். விடிவதற்குள் போய்க் கொண்டியை எடுத்துவிட்டேன். மறுநாள் பிணமாகத் தூக்கினார்கள். கள்ளைக் குடித்துவிட்டு உள்ளே தூங்கிப்போனான் என்று பேசிக்கொண்டார்கள். நான் கொண்டி போட்டதைக் குழாயடியிலிருந்து அகதா பார்த்திருந்தாள். அப்போது அவள் வயிற்றில் மகன் ஸ்டானிஸ்லாஸ். வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் செமோருக்குக் குடிவந்து, தலை நரைத்த பிறகு அவளுக்கு வாய் வந்தது.

"சாகறதுக்குள்ள மகன்கிட்ட சொல்லிடணுங்க. நெஞ்சு தாங்கல."

நான் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை.

எங்கள் பக்கம் மே மாதம் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வோம். முன்னால் சொல்கிறவள் அகதா. கண்ணை மூடி, மணியை விரலால் தள்ளித் தள்ளிச் சொல்வாள். அவள் குளிக்கப் போன நேரம் கம்பியைப் பிரித்து ஒரு மணியைக் கழற்றினேன். அன்று பத்து அருள் நிறைந்த மரியே சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்பதோடு நிறுத்தினாள்.

"என்ன அகதா, மாதாவுக்கே டிஸ்கவுண்டா?" என்றாள் ரோசரி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சாப்பிடும்போது மணியைத் திரும்பக் கோத்துவிடுவேன். காலையில் எண்ணிப் பார்ப்பாள், சரியாக இருக்கும். தன் தலையிலேயே குட்டிக்கொள்வாள். மாதம் முடிவதற்குள் அவளை முன்னால் உட்காரவைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டானிஸ்லாஸே பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

அது எண்பத்தேழாம் வருஷம். மூளையைப் படம் எடுத்து, இது மறதிக்காரர் மூளை, இது நல்ல மூளை என்று காட்டிக் காட்டி டாக்டர் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அகதாவின் படத்தை நல்ல மூளை என்றது அது.

டாக்டர் சிரித்தார். "இது இன்னும் சின்னப் பிள்ளைலா அங்கிள். கூட இருக்கிற நீங்க சொல்லுங்க. ஆன்ட்டிக்கு எப்பலேர்ந்து மறதி?"

ஜெபமாலை எண்ணிக்கை தவறத் தொடங்கியதிலிருந்து என்று சொன்னேன். மறதிக்காரர் என்று அவள் படத்துக்குப் பெயர் போட்டுக் கம்ப்யூட்டரைத் திருத்தினார்.

அப்போதுதான் அகதா பேசினாள். "டாக்டர், என் தம்பிய இவருதான் உள்ள வெச்சுக் கொண்டி போட்டாரு. ஸ்டானி, கேளுப்பா."

மகன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். டாக்டர் என் தோளைத் தட்டினார். "இந்த வியாதில கூட இருக்கிறவங்க மேலதான் சந்தேகம் வரும் அங்கிள். மனசுல வெச்சுக்காதீங்க."

அவளை ஓர் இல்லத்தில் சேர்த்தோம். வெளிப்பக்கம் கொண்டி போட்ட அறை, மாத்திரை, பேச ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் மகன் பெயரே மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான்தான் போய்ச் சோறு ஊட்டுகிறேன்.

"சூசை எங்கண்ணே?" என்று என்னைக் கேட்கிறாள்.

"ஷீட்டு புரட்டப் போயிருக்கான். வந்துருவான்."

"நீங்க நல்லா இருக்கணும்ணே."

டாக்டரிடம் நான் சொன்னது பொய் என்கிறீர்கள். பொய் இல்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.