ஆட்ரிக்காகப் போட்ட தரை

பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குப் பாதி ஆயுள் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே போய்விடும். நான் கணினிக்குள் கட்டிய கட்டடத்தில் அந்தத் தொல்லை கிடையாது, இன்ஸ்பெக்டர். வீட்டில் இருந்தபடியே கண்ணை மறைக்கும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் போதும், உள்ளே வந்துவிடலாம். கூட்டம் நடத்த அறைகள், நின்று பேச நீளமான கூடம், கூடத்தின் கோடியில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். மழைச் சத்தம் கேட்டால் மனிதர்கள் நிதானமாகப் பேசுவார்கள்.

பெருந்தொற்று வந்து எம்சிஓ ஊரடங்கு போட்ட காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைபட்டிருந்தபோது என் கூடம் நிரம்பி வழிந்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமாகப் பழைய அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆளில்லாத கட்டடத்தைக் கட்டியவள் தினமும் சுற்றி வருவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசிவரை வந்தவள் ஆட்ரிதான். என்னிடம் வேலை பார்த்தவள். நான் வரைந்த ஒவ்வோர் இடத்தையும் நடந்து பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. கிள்ளானில் இரட்டை மாடி வீடு. கீழே அவளுடைய அப்பா ரபேல், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிக் கூடத்தில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டு அவள் நடப்பாள். அங்கே அவள் எடுத்து வைக்கும் அடி, இங்கே என் கட்டடத்தில் விழும். "அக்கா, இந்த கதவு ரொம்ப குறுகல் லா. ரெண்டு பேரு பேசிக்கிட்டே போக முடியாது," என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஹெட்செட் போட்டவருக்குச் சொந்த வீடு கண்ணில் தெரியாது. அதனால் அதிலிருக்கும் கேமரா முதலில் வீட்டை அளந்துகொள்ளும். சுவரையோ படிக்கட்டையோ நெருங்கினால் கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு வலை எழும். உடனே நின்றுவிட வேண்டும். அவள் வீட்டின் அளவு என்னிடம் இருந்தது. என் ஊழியர்கள் எல்லோருடையதும் இருந்தது. அதில் தப்பாக எதுவும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலையை விடுவதாகச் சொன்னாள்.

"சிங்கப்பூர்ல வேலை கெடைச்சிருச்சு அக்கா. நெஜ ஆபீஸு. பக்கத்துல ஆளுங்க உக்காந்திருப்பாங்க, சேர்ந்து லஞ்ச் போகலாம்."

"இங்க என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆனா இங்க யாரும் இல்லையே அக்கா. நீங்களும் நானும்தான்."

நான் கோபப்படவில்லை. நல்ல செய்தி என்றேன். கூடத்திலேயே பிரிவு விருந்து வைப்போம், பழைய ஆட்களையும் கூப்பிடுகிறேன் என்றேன். பிறகு என்னிடம் இருந்த அவள் வீட்டின் அளவைத் திறந்து, அதில் மாடிப்படி இறங்கும் பள்ளத்தை மூடித் தரையாக்கினேன். சிறிய வேலை. என் கூடத்தைக் கொஞ்சம் திருப்பினேன். ஜன்னலுக்குப் போகும் வழி அந்தத் தரையின் மேல் விழுந்தது.

விருந்துக்குச் சிலர் வந்து, கைதட்டிவிட்டுப் போனார்கள். மத்தியான நேரம். ரபேல் அங்கிள் கீழே சமையலறையில் இருந்திருக்கிறார். நான் ஜன்னலருகே நின்று, "இங்க வா ஆட்ரி, மழையைப் பாரு," என்றேன். சிரித்தபடி வந்தாள். சிவப்பு வலை எழவில்லை.

எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அங்கிள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவளுடைய உருவம் என் முன்னால் கைகட்டிப் புன்னகையோடு நின்றது. போட்டிருப்பவரின் அசைவு கிடைக்காவிட்டால் உருவம் அப்படித்தான் நிற்கும். அப்படி அமைத்ததும் நான்தான்.

முதுகெலும்பு உடைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நான் அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அவளுக்குப் புதிய ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன். விரலை அசைத்தால் போதும், அவளுடைய உருவம் நடக்கும். காலையில் வந்தால் இருட்டும்வரை என்னோடுதான் இருப்பாள். "நீங்க இல்லன்னா எம்புள்ள என்னா ஆயிருப்பாளோ," என்று அங்கிள் அழுதார். அவர் சொன்னதும் உண்மைதானே.

போன வாரம் படுத்தபடியே பழைய அளவைத் திறந்து பார்த்திருக்கிறாள். குறை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"அக்கா, எங்க வீட்டுல மாடிப்படியே இல்லாத மாதிரி இருக்கு. நீங்கதானே மூடுனீங்க?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவளுடைய உருவம் திரும்பிக் கதவுவரை நடந்தது. பிறகு போய்விட்டாள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். படியை மூடியது நான், கூப்பிட்டது நான். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்தக் கட்டடத்தை யாரும் அணைத்துவிடக் கூடாது. கோபம் தணிந்ததும் அவள் வருவாள். அவளால் நடக்க முடிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?