பத்திரிகைக்கு ஒரு படம்

— நீலச் சட்ட போட்டு வரைஞ்சதுதான் தப்பாம். மூஞ்சியே வரையல சுகிர்தா, வெறும் முதுகு. "எங்காள நக்கல் பண்றியா"ன்னு ஒரு ஹீரோவோட ரசிகனுங்க முந்நூறு பேரு கமெண்ட்டுல திட்டிருக்கானுங்க.

— சட்டய பச்சையாக்கிட வேண்டியதுதான?

— ஆக்குனேன். பச்ச இன்னொருத்தன் ரசிகனுக்குச் சொந்தமாம். அவன் எரநூறு பேரக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்.

— அப்ப சட்டையே இல்லாம விடுங்க.

— அதுக்குன்னும் ஒரு ஹீரோ இருக்கான்.

— உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க. மதி தம்பி, அந்தப் பைய எறக்கிப் புடி, அதுக்கும் ஒரு டிக்கெட்டக் கிழிச்சிருவேன்.

— படம் வரையிற நோட்டு கருப்பையண்ணே, கசங்கிரும்.

— அதுல நானும் வர்றேனாமே? எம்பொண்ணு சொல்லுது. விசில மூக்கால ஊதுறாப்ல போட்டுருக்கியாம்.

— அது வேற கண்டக்டருண்ணே.

— அம்பகரத்தூர்ல எட்டு பத்துக்கு எடுக்குற வண்டிக்கி எத்தன கண்டக்டருய்யா? திருநள்ளாறு! கோயிலுக்குப் போறவங்கள்லாம் எறங்கிருங்க, எண்ணெய் டப்பாவ மறந்துறாதீங்க!

— சனிக்கெழமயானா திருநள்ளாறு தாண்டித்தான் இந்த வண்டியில மூச்சு விட முடியிது. ஒக்காருங்க மதி, பக்கத்துல எடம் காலியாயிடிச்சி.

— இருக்கட்டும், நிக்கிறேன்.

— நாலு வருசமா நிக்கிறீங்க. இன்னிக்கி ஒக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பின் சீட்ட பாருங்க. மெதுவா திரும்புங்க. அந்த ஆளு டீசர பதினோராவது தடவ போடுறாரு, முழு சத்தத்துல. ஏறுனதுலேருந்து எண்ணிக்கிட்டு வர்றேன். இப்ப "டேய்"னு ஒரு கத்து கத்துவான் பாருங்க. கத்துனானா? எனக்கே மனப்பாடம் ஆயிடிச்சி. இவ்வளவுக்கும் இயர்போன் அவரு கழுத்துலயே தொங்குது. அதான் கடுப்பு.

— மதி.

— கேட்டா நம்மளத்தான் மொறைப்பாரு. படத்துல நடிச்சவனுக்கு இவரு பொறந்ததே தெரியாது. இவரு அவனுக்காக பஸ்ஸுல அடிதடிக்கு நிப்பாரு. திங்கக்கெழம இதத்தான் வரையப் போறேன்.

— மதி, எனக்குக் கல்யாணம்.

— ம்.

— அடுத்த மாசம். கோட்டுச்சேரியில மண்டபம்.

— மாப்பிள்ள யாரு?

— ரஞ்சித்குமாருன்னு பேரு. கோட்டுச்சேரிதான். அவங்கப்பாவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. இவரு பாரிசு பக்கத்துல வேல பாக்குறாரு. நானும் அங்கதான் போவணும்.

— பாரிசு. நல்லதுதான். அங்கல்லாம் பஸ்ஸுல எவனும் சத்தமா டீசர் போட மாட்டான்.

— இதையும் வரைஞ்சிறாதீங்க.

— இல்ல. வரைய மாட்டேன்.

— ஆனா ஒரு படம் வரையணும். கல்யாணப் பத்திரிகைக்கு. அவரு ஒங்க ரசிகரு ஆயிட்டாரு. நீங்க போனுல போடுற "எட்டு பத்து" படக்கத இருக்குல்ல, நாலு வருசத்துதையும் ஒரே வாரத்துல படிச்சி முடிச்சிட்டாரு. அதே மாதிரி வேணுமாம். இதே பஸ்ஸு, ஜன்னல் சீட்டுல அந்தப் பொண்ணு, பைய மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே பேசிட்டு வருவான்ல, அவன். அவன் மொகத்த மட்டும் எடுத்துட்டு இவரு மொகத்த வெக்கணும்.

— பொண்ணு மொகத்துக்கு?

— அத மாத்த வேண்டியதில்லையே.

— அது வேற பொண்ணு சுகிர்தா.

— ஏன் முழிக்கிறீங்க? மூக்குத்திய எடது பக்கத்துலேருந்து வலது பக்கத்துக்கு மாத்திட்டா எனக்குத் தெரியாதா? எங்க லேபுல கூட வேல பாக்குற நௌஷினோட போன் கவர்ல நாந்தான் இருக்கேன். காசு குடுத்து வாங்கியிருக்கா. "இந்தப் பொண்ணு அப்படியே ஒன்ன மாதிரி இல்ல?"ன்னு எங்கிட்டயே காட்டுறா.

— அந்த கவரு எங்கிட்ட கேக்காம எவனோ அடிச்சி விக்கிறான்.

— அதான் இப்ப ஒங்க கவலையா?

— இல்ல.

— கமெண்ட்டுல ஊரே கேக்குது. "யோவ், ஜன்னல் சீட்டுகிட்ட எப்பய்யா சொல்லுவ?"ன்னு. அவங்களுக்கு ஒரு பதிலாவது போட்டீங்களா?

— கேக்குறவனுக்கென்ன? அடுத்த ரீலு வந்தா மறந்துருவான். சொல்லிட்டா கத முடிஞ்சிரும். முடிஞ்ச கதைய எவன் படிப்பான்?

— லைக்கு போயிரும்னா சொல்லல?

— அதில்ல.

— பின்ன?

— சொல்லிட்டு, மறுநாளு நீங்க ஏழு நாப்பது பஸ்ஸுக்கு மாறிட்டீங்கன்னா? ஆதார் சென்டர்ல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் "நேரா பாருங்க, கண்ண மூடாதீங்க"ன்னு அடுத்தவன் மூஞ்சியப் புடிக்கிறேன். ஒரு மூஞ்சியும் மனசுல நிக்காது. என் நாளுல உருப்படியா இருக்குறது இந்த அர மணி நேரந்தான். அதையும் போக்கிக்கணுமா?

— சரி. பத்திரிகைக்கு வரைஞ்சி தர்றீங்களா, மாட்டீங்களா?

— மாட்டேன்.

— ஏன்?

— ஒங்க பக்கத்துல இன்னொருத்தன் மூஞ்சிய எங்கையால வரைய முடியாது.

— இப்பவும் படத்தப் பத்தியே பேசுறீங்க மதி. பேட்ட ஸ்டாப்பும் தாண்டிருச்சி, காரைக்கால் வந்துரும்.

— படத்த விடுங்க. எனக்கு ஒங்களப் புடிக்கும் சுகிர்தா. அடமழையில ஒரு நாளு, ஜன்னலு சாத்த வரலன்னு உள்ள ஒக்காந்துக்கிட்டு கொடய விரிச்சீங்களே, பக்கத்துல இருந்த ஆளு மேலல்லாம் தண்ணி ஊத்தி, அவரு திட்டத் திட்ட நீங்க சிரிச்சீங்க. அன்னிலேருந்து. சொல்லிட்டேன். நாளைக்கி ஞாயித்துக்கெழம, ஒங்க வீட்டுக்கு வர்றேன். ஒங்கப்பாகிட்ட பேசுறேன். திட்டுனா வாங்கிக்கிறேன், அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.

— போன மாசம் ஒரு திங்கக்கெழம, "நாளைக்கி லீவு, பதிவு ஆபீசுக்குப் போறேன்"னு ஒங்ககிட்ட சொன்னேன். நெனப்பிருக்கா?

— இருக்கு. நெலப் பத்திரம்னு நெனச்சேன்.

— நெனச்சீங்க. கேக்கல. அதுலேருந்து காரைக்கால் வர்ற வரைக்கும் கியூவுல நிக்கிறதப் பத்தியே பேசுனீங்க. முன்னாடி நிக்கிறவன் டிரைலர் பாத்துக்கிட்டு நகராம நிப்பான், பின்னாடி நிக்கிறவன் நகரச் சொல்லாம அதையே எட்டிப் பாப்பான்னு. மறுநாளு காலையில படமாப் போட்டுட்டீங்க.

— ஏழாயிரம் லைக்கு வந்த படம் அது.

— ஆமா. நா கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து பாத்தேன்.

— என்ன கையெழுத்து?

— கல்யாணப் பதிவு. விசாவுக்குத் தாளு வேணும்ல, அங்க போறவங்க பதிவ முன்னாடியே முடிச்சிருவாங்க. தாலிதான் அடுத்த மாசம். சட்டப்படி நா அவரு பொண்டாட்டி. இன்னியோட முப்பத்திரெண்டு நாளு.

— முப்பத்திரெண்டு நாளும் இதே வண்டியிலதான் வந்தீங்க. எங்கூட பேசிக்கிட்டுத்தான் வந்தீங்க.

— நீங்க பேசுனீங்க. நா கேட்டுக்கிட்டு வந்தேன்.

— ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— ஒரு வார்த்த நீங்க கேட்டிருக்கலாம். "எதுக்கு சுகிர்தா பதிவு ஆபீசு?"ன்னு. அந்தத் திங்கக்கெழம கேட்டிருந்தா நா போயிருக்கவே மாட்டேன்.

— காரைக்கால் பஸ் ஸ்டாண்டு! எல்லாம் எறங்குங்க. மதி தம்பி, என்னப்பா, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துருக்க? சென்டர தொறக்கலியா?

— எறங்குறேண்ணே. ஒரு நிமிசம். சுகிர்தா, பத்திரிகைக்கு வேற யாரையாவது வெச்சி வரைஞ்சிக்கங்க. என்னால ஆவாது. தப்பா எடுத்துக்காதீங்க.

— பத்திரிகை அடிச்சி போன வாரமே பாதி ஊருக்குக் குடுத்தாச்சி மதி. அன்னிக்கி ஒங்க படத்தப் பாத்துட்டு ஆபீசு வாசல்லயே நின்னு அழுதேன், ஏன்னு அவரு கேட்டாரு, எல்லாத்தையும் சொல்லிட்டேன், "அந்த ஆளு வாயால சொல்றத ஒரே ஒரு தடவ கேட்டுட்டு வந்துரு, இல்லாட்டி பாரிசுக்கு வந்தும் நீ அந்த பஸ்ஸுலயேதான் ஒக்காந்துருப்ப"ன்னு சொல்லி, படம் கேக்கச் சொல்லி அனுப்புனதே அவருதான்.