இரண்டு தசம் மூன்று

சோமசேகரம்: கணக்குச் சரியெண்டு நாளைக்கு, மிசின் வெடிச்ச விசாரணையிலை, நீ ஒரு வார்த்தை சொன்னால் காணும், ஞானம். பட்டம் எடுத்தவள், பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறவள்... விசாரிக்கிற துரை நம்புவான்.

ஞானாம்பிகை: தமையனுக்குத் தங்கச்சி சாட்சி. வடிவாய்த்தான் இருக்கும்.

சோமசேகரம்: பகிடி விடாதை.

ஞானாம்பிகை: பகிடியில்லை, அண்ணை. நீங்கள் தந்த கணக்கைப் பாத்தனான். கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. தெல்லிப்பழையிலை கிணத்துக்குக் கல் துளைக்க, உங்கடை மிசின் காத்தை எத்தினை மடங்கு அமுக்கினது?

சோமசேகரம்: ஏழு.

ஞானாம்பிகை: அமுக்கினால் காத்துச் சூடாகும்...

சோமசேகரம்: சைக்கிள் பம்பைப் பிடிச்ச குழந்தைக்கும் அது தெரியும். அதுக்குத்தானே உருளையைச் சுத்தித் தண்ணி ஓட விட்டது. சூடு ஏறாமல் அமுக்கினால், நாங்கள் காத்திலை செய்யிற வேலை முழுக்க வெப்பமாய் வெளியிலை வரும். உள்ளுக்கை ஒரு துளியும் தங்காது. அதைத் தண்ணி கொண்டு போகும். எஞ்சினியருக்கே பாடம் எடுக்கிறியோ?

ஞானாம்பிகை: அப்ப வேலையைக் குறைச்சுக் கணிச்சால், விடவேண்டிய தண்ணியும் குறையும்.

சோமசேகரம்: கணக்கிலை ஒண்டுமில்லை. தேவராசா தண்ணிக் குழாயைச் சரியாய்த் திறக்கேல்லை. குடிச்சிட்டு நிண்டானோ, ஆருக்குத் தெரியும்.

ஞானாம்பிகை: வாயை அளந்து கதையுங்கோ. நெஞ்சும் கையும் வெந்துபோய் ஆசுப்பத்திரியிலை கிடக்கிற மனிசன்.

சோமசேகரம்: உவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கிறாய்?

ஞானாம்பிகை: மிசினை ஓட்டினது அவன். குழாயிலை கோடு கீறினது நீங்கள். கோட்டுக்கு மேலை திறந்தால் அண்டைக்கே வீட்டை போகலாமெண்டு சொன்னதும் நீங்கள்.

சோமசேகரம்: ஓம், சொன்னனான். ஆவணி வெயில். தண்ணி இல்லாத காணியெண்டுதானே கிணறு வெட்டினது. ஒவ்வொரு பீப்பாயும் மாட்டு வண்டிலிலை வரவேணும். கண்டபடி திறந்துவிட ஏலுமோ?

ஞானாம்பிகை: கோடு நிமிசத்துக்கு அரைக் கலன் தண்ணிக்குக் கொஞ்சம் மேலை. அதுதானே?

சோமசேகரம்: கணக்கிலை வந்தது அது.

ஞானாம்பிகை: வந்த விதத்தை நான் சொல்லுறன். வேலையைக் கணிக்க ஏழின்ரை மடக்கை வேணும். புத்தகத்தைத் திறந்தியள். பூச்சியம் தசம் எட்டு நாலு அஞ்சு. அப்பிடியே தூக்கிப் போட்டிட்டியள்.

சோமசேகரம்: போட்டால்?

ஞானாம்பிகை: அது பத்தை அடியாய் வைச்ச மடக்கை, அண்ணை. இந்தக் கணக்குக்கு அதை இரண்டு தசம் மூண்டாலை பெருக்க வேணும். நீங்கள் பெருக்கேல்லை. வேலையும் அரைவாசிக்குக் குறைய, வெப்பமும் அரைவாசிக்குக் குறைய. விடவேண்டிய தண்ணி ஒண்டேகால் கலனுக்கு மேலை. மிச்ச வெப்பம் எங்கை போகும்? காத்தோடைதான் நிண்டிருக்கும். உருளைக்குள்ளை பூசின எண்ணெய் பத்தி, காத்துக் குழாய் வெடிக்காமல் என்ன செய்யும்?

சோமசேகரம்: மெள்ளக் கதை... அயலட்டைக்குக் கேக்கும்.

ஞானாம்பிகை: கேக்கட்டும். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. இது உங்களுக்கு இப்பதான் தெரியுமோ?

சோமசேகரம்: வெடிச்ச அண்டைக்குப் பின்னேரமே தெரியும். திரும்பப் போட்டுப் பாத்தனான்.

ஞானாம்பிகை: தெரிஞ்சுகொண்டே பழியை அவனிலை போட்டியள்.

சோமசேகரம்: வேறை என்ன செய்யிறது? எஞ்சினியருக்கு மடக்கை தெரியாதெண்டு ஊர் சிரிச்சால், இனி ஆர் என்னை நம்பி ஒரு ஆணி இறுக்க விடுவான்? அவன் எழும்பி வரட்டும். வேறை இடத்திலை நல்ல வேலையாய் எடுத்துக் குடுப்பன்.

ஞானாம்பிகை: எந்தக் கையாலை செய்ய?

சோமசேகரம்: நாளைக்கு நீ இதைச் சொல்லப்போறியோ? கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுப்பியோ?

ஞானாம்பிகை: நாளைவரைக்கும் பொறுக்கத் தேவையில்லை. நீங்கள் வாறதுக்கு முதலே அறைக்குள்ளை ஒராள் வந்திருக்கிறா. தேவராசாவின்ரை பெண்சாதி. பெர்னடெட், வெளியிலை வாருங்கோ.

சோமசேகரம்: ஞானம்... நீ...

பெர்னடெட்: அவவை ஏசாதையுங்கோ, ஐயா. நான்தான் அழுது கேட்டு அறைக்குள்ளை இருந்தனான். விசாரணை கிடக்கட்டும். நீங்கள் ஆசுப்பத்திரிக்கு வந்து அவரின்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டுப் போனனீங்கள், பிழை அவரிலையெண்டு. மனிசன் அதை நம்பிப்போனார். சுவாமியாரைக் கூப்பிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு, என்னட்டையும் மன்னிப்புக் கேட்டவர். இண்டைக்கு இரவு தாண்டாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். சப்பாத்தைப் போடுங்கோ. இரண்டு தசம் என்னவோ எண்டு அவ சொன்னாவே, அதை வந்து அவரின்ரை காதுக்குள்ளை சொல்லுங்கோ.