இருபத்திரெண்டு நாள் வலி

பயிற்சி அட்டவணை, சாப்பாடு, தூக்கம்னு காலையில இருந்து நிறைய பேசிட்டோம். பேப்பரைக் கொஞ்சம் மூடி வைங்க... கோச்சுங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்குன்னே ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். பாதி நான் கூட இருந்து பார்த்தது, மீதி அந்த கோச்சே எங்கிட்ட சொன்னது.

வேலூர்ப் பக்கம் முனிரத்தினம்னு ஒரு கோச். பளு தூக்குதல் சொல்லிக் கொடுக்கிறவர். கெட்டவரா? இல்லைங்க! பிள்ளைங்களுக்குத் தன் வீட்டுல இருந்து முட்டை அவிச்சு எடுத்துட்டு வர்ற மனுஷன். அவர்கிட்ட ஹேமாவதின்னு ஒரு பொண்ணு. பத்தொன்பது வயசு. அம்மா ஷூ கம்பெனியில தையல் வேலை. மாநிலப் போட்டியில ஒரு மெடல் கிடைச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு மனு போடலாம்... அந்த வீடே காத்துக்கிட்டு இருந்தது.

போட்டி நாள். நான் நடுவர். ஹேமாவதி நாலாவது இடத்துல நிக்கிறா. மெடல் வேணும்னா கடைசித் தூக்குல எண்பது கிலோ தூக்கணும். கோச் அவ தோளைத் தட்டிக் கேட்டார்.

"எண்பது போடச் சொல்லிட்டேன். முடியும்ல?"

"முடியும் சார்."

மேடைக்கு வந்தா. கம்பியைத் தோள் வரைக்கும் கொண்டு வந்துட்டா. தலைக்கு மேல தள்ளும்போது... ஒரு சத்தம். கம்பி அதுக்கப்புறம்தான் கீழே விழுந்தது. முதல்ல கேட்டது அவ கத்தின சத்தம்.

ஆம்புலன்ஸ்ல நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், "இடுப்புல எத்தனை நாளா வலி மா?"

அவ கோச்சைப் பார்த்தா. அப்புறம் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொன்னா, "இருபத்திரெண்டு நாளா."

இருபத்திரெண்டு நாள்! காலையில, சாயங்காலம், ரெண்டு வேளையும் பக்கத்துல நின்ன மனுஷனுக்குத் தெரியல. டாக்டர் வெளியே போனதும் கோச்சுக்குத் தாங்கல.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கலையே சார்."

"கேட்டேனே மா! தினமும் கேட்டேனே! மேடை ஏறும்போதுகூடக் கேட்டேனே!"

"நீங்க 'முடியும்ல'ன்னு கேட்டீங்க சார்... அதுக்கு எப்படி சார் முடியாதுன்னு சொல்றது? கஸ்தூரி சொன்னாளே... என்ன ஆச்சு?"

கஸ்தூரி யாரு? முந்தின வருஷம் முட்டி வலிக்குதுன்னு சொன்ன பொண்ணு. "சாக்கு சொல்றவங்களுக்கு இங்க இடமில்ல, பையை எடுத்துட்டுக் கிளம்பு!"ன்னு எல்லார் முன்னாடியும் அனுப்பிட்டார். அவர் அன்னைக்கே அதை மறந்துட்டார். பார்த்துக்கிட்டு இருந்த பன்னிரண்டு பிள்ளைங்களும் மறக்கல.

ஹேமாவதிக்கு ஆபரேஷன் ஆச்சு. இப்போ நடக்குறா, காலேஜ் போறா. ஆனா தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எண்பது கிலோவுக்கு நின்ன பொண்ணுங்க...

ஆபரேஷன் முடிஞ்ச மறுவாரம் முனிரத்தினம் பிள்ளைங்களை உட்கார வச்சார். "யாருக்கு எங்க வலிக்குது? சொல்லுங்க பா." ஒருத்தர் வாய் திறக்கல. மறுநாளும் கேட்டார். அன்னைக்கும் யாரும் பேசல. அப்போதான் அவருக்கு உறைச்சது. கேள்வி மாறிடுச்சு, கேட்கிற ஆளை இன்னும் யாரும் நம்பல.

கஸ்தூரி வீட்டுக்குப் போனார். அவ அப்பா வாசல்லயே நிக்க வச்சு நாலு கேள்வி கேட்டார். முனிரத்தினம் நின்னு கேட்டுக்கிட்டார். கஸ்தூரி சொன்னா, "நான் திரும்பச் சேர மாட்டேன் சார். நீங்க சொல்லப் போறதைக் கேட்க மட்டும் வர்றேன்."

வந்தா. எல்லார் முன்னாடியும் அவர் சொன்னார். "இந்தப் பொண்ணு அன்னைக்கு உண்மையைச் சொன்னா. நான் அவமானப்படுத்தி அனுப்பினேன். தப்பு என்னோடது." கஸ்தூரி கேட்டுக்கிட்டா, தலையை ஆட்டினா, கிளம்பிப் போயிட்டா.

அவ போனதும் ஃபர்ஸானான்னு ஒரு பொண்ணு எழுந்தா. "சார், எனக்கு ஒரு மாசமா மணிக்கட்டு மரத்துப் போகுது." பின்னாடியே இன்னொருத்தர். இன்னொருத்தர். அன்னைக்கு மட்டும் அஞ்சு பேர் வலியோட தூக்கிக்கிட்டு இருந்தது தெரிய வந்தது. ஹேமாவதி போக மிச்சம் இருந்த பதினொரு பேர்ல அஞ்சு பேருங்க!

நான் எதுக்கு இதைச் சொல்றேன்? நம்ம எல்லாருக்கும் கத்தத் தெரியும். உற்சாகப்படுத்தத் தெரியும். பதிலையும் சேர்த்துக் கேள்வி கேட்கத் தெரியும். பிள்ளை பயப்படாம "இல்லை சார்"னு சொல்ற மாதிரி கேட்கத் தெரியுமா? அப்படிச் சொன்ன பிள்ளையை மறுநாளும் அதே முகத்தோட பார்க்கத் தெரியுமா? அதுதாங்க பேச்சு. மத்தது எல்லாம் உத்தரவு.

நாளைக்குக் காலையில மைதானத்துக்குப் போவீங்க. வரிசையா பிள்ளைங்க நிப்பாங்க. அந்த வரிசையைப் பார்த்து உங்களை நீங்களே கேளுங்க. "எங்கிட்ட வந்து 'வலிக்குது'ன்னு கடைசியா சொன்ன பிள்ளை யாரு?"

பேரு ஞாபகம் வருதா?

வரலைன்னா... யாருக்கும் வலி இல்லைன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க.